அடுத்த வீட்டு விஞ்ஞானி

விஞ்ஞானிகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விஞ்ஞானிகளை உண்டாக்கியே தீருவது என்று அலைகிற ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மாற்றல் உத்தரவோடு கல்கத்தா வந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருடைய பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் என் லாரியில் ஏறி இறங்கியவைதான். எந்த வீட்டில் எது கனம், எது வெறும் சத்தம் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். மேல்வகுப்புப் பிள்ளை ஒன்று கண்ணில் பட்டால் போதும். கல்யாண வீடோ, துக்க வீடோ, லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கும் இடமோ, பிள்ளையை ஓரங்கட்டி, முதலில் மார்க்கைக் கேட்டு, நேரமிருந்தால் பெயரையும் கேட்டு, எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் நாட்டுக்கு ராக்கெட் விடுவது யார் என்று ஆரம்பித்து, பெற்றவள் வந்து மீட்டுக்கொண்டு போகும்வரை விடமாட்டார். கேள்வி கேட்கப் பழகு என்பார். பிள்ளை ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இந்த இனத்தின் தலைமகன் சேஷாத்ரி சார். கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் அதிகாரி. கல்கத்தாத் தமிழர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு சரஸ்வதி பூஜை. நவராத்திரியில் நம்முடையது, குளிர் குறையும்போது வங்காளிகளுடையது. சரஸ்வதி இரண்டு முறை வந்தாலும் தமிழ்ச் சங்கத்தில் பேச்சாளர் ஒருவர்தான். அவர் பேச்சைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் விஞ்ஞானி ஆனார்கள் என்று கேட்காதீர்கள். கேட்டது ஒரே ஒரு பிள்ளை. அவருடைய மகள் மீரா.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் பன்னிரண்டாவது முடித்தாள். சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் இடம் தயார். சாமானை அனுப்ப என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாங்கிய முதல் லாரியின் கதையைச் சொல்லலாம் என்று சந்தோஷமாகப் போனேன். போனால் பெட்டி காலியாகக் கிடக்கிறது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாதவ்பூரில் பிசிக்ஸ் ஆனர்ஸ் கிடைத்திருக்கிறது, அதைத்தான் படிப்பேன் என்கிறாள் பெண். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் போய்விடும். அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார்.

"நீங்கதானேப்பா வருஷா வருஷம் மேடைல சொன்னேள்?"

"அது பொதுவாச் சொன்னதும்மா. ஊர்க் குழந்தைகளுக்கு."

"நானும் அந்த ஊர்லதானே இருக்கேன்?"

சார் என் பக்கம் திரும்பினார். "உத்தமன், நீங்க சொல்லுங்கோ. படிக்காமலே முன்னுக்கு வந்தவர். வாழ்க்கைக்கு எது முக்கியம்னு இவளுக்குப் புரியற மாதிரி சொல்லுங்கோ."

எனக்குத் தெரியாததா? ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு மஜும்தார் பாபு, சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டியோடு, பின்னால் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி ஜனத்தோடு. வங்காளி வீட்டில் எஞ்சினீயரிங் கிடைத்தால் மகிழ்ச்சி. பிசிக்ஸ் ஆனர்ஸ் கிடைத்தால் தெருவுக்கே திருவிழா என்பது அங்கே பிழைத்தவனுக்குத் தெரியும். மீராவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார் ஒருவர். கண் கலங்கினாள் ஒரு மாஷிமா, நம் ஊர் மாமி மாதிரி. சார் வாயில் முழுசாக ஒரு சந்தேஷைத் திணித்தார் மஜும்தார். மறுத்துப் பேச வாயில் இடமில்லை.

திணித்த கையோடு விஷயத்தையும் சொன்னார். தெருவில் உள்ள கிளப் ஒவ்வொரு வருஷமும் நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா நடத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை விழா. "சேஷாத்ரி பாபு, மகளை விஞ்ஞானத்துக்குக் கொடுத்த தகப்பன் நீங்கள். இந்த முறை நீங்கள்தான் பிரதம அதிதி."

பிரதம அதிதி. தலைமை விருந்தினர். மாலை, மைக், நடுநாற்காலி.

சார் சந்தேஷை விழுங்கினார். அந்த முகத்தில் அப்போது நடந்த சண்டையை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் கம்ப்யூட்டர், அமெரிக்கா, கலிபோர்னியாவில் ஒரு வீடு. இன்னொரு பக்கம் ஒரு மைக். மைக் ஜெயிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

ஞாயிறு மாலை மேடையில் அவர் பாதி வங்க மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் முழங்கியதை நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன். பிள்ளைகள் விரும்பியதைப் படிக்க விடுங்கள் என்றார். கிளப்பே கை தட்டியது. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு அடுத்த நாள் எங்கே ஒளிவது? திங்கட்கிழமை காலையில் அவரே மீராவை ஜாதவ்பூருக்கு அழைத்துப் போய், கையெழுத்தும் போட்டு, சேர்த்துவிட்டு வந்தார்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த சரஸ்வதி பூஜையில் பேச்சோடு ஒரு வாக்கியம் கூடியது: "என் பெண் தயங்கினாள், நான்தான் வற்புறுத்தி பிசிக்ஸில் சேர்த்தேன்." மீரா கூட்டத்தில்தான் இருந்தாள். படிக்க வேண்டிய இடத்தில் படித்துக்கொண்டிருக்கிறவளுக்கு மறுத்துப் பேச என்ன அவசியம்?

இவ்வளவு நேரம் சேஷாத்ரி சாரைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரியுங்கள், உரிமை உண்டு. உங்கள் பிள்ளைக்கு என்ன படிப்பு பார்த்து வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லையே, முதலில் அங்கே சொல்லுங்கள். மேடை எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து.