டுரியான் எங்கே உட்கார்ந்தாலும்

அன்புள்ள ஸைபின் அக்காவுக்கு,

தம்பி பிரசோங் கைகூப்பி எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி புவாலாயும் நலமாக இருக்கிறோம். அவள் என்னோடு பேசுவதில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. மீகோங் ஆற்றில் தண்ணீர் ஏறி, யாரையும் தொந்தரவு செய்யாமல் இறங்கிவிட்டது. பாங்காக்கில் உங்கள் தையல் கடையும் உடம்பில் சர்க்கரையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகன் பூமை இங்கே அனுப்பும்போது, "மறுபடி கஞ்சா தொட்டான்னா ஒளிக்காம எழுதுடா தம்பி, மறுவாழ்வு முகாமுல கொண்டுபோய் விட்டுடறேன்" என்றீர்கள். ஒரு மாதம் கவனித்துவிட்டு எழுதுகிறேன். பையன் சுத்தம். இதைச் சொல்வது நான் இல்லை, டுரியான்.

டுரியானை உங்களுக்குத் தெரியும், போலீஸில் என்னோடு வேலை பார்த்த மோப்ப நாய். கஞ்சா வாசனை வந்தால் குரைக்காது, கடிக்காது, அந்த ஆளுக்கு எதிரே போய்ப் பேசாமல் உட்காரும். அவர் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அரசாங்கம் தடையை நீக்கிக் கஞ்சாவை அவிழ்த்துவிட்டதும் நாய்க்கு வேலை போயிற்று, என்னோடு ஓய்வுக்கு வந்தது. அப்புறம் அரசாங்கத்துக்கே பயம் வந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்காதே என்றது. சட்டம் எத்தனை முறை மாறினாலும் டுரியானின் மூக்கு மாறாது என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

பூம் வந்த இரண்டாம் வாரம் அது உட்கார ஆரம்பித்தது. முதலில் பென்ஸ்ரீயின் நூடுல்ஸ் கடையில். அன்றைக்கு நம் ஊர்த் தலைவர் காம்சிங் வழக்கம்போல முழங்கிக்கொண்டிருந்தார்.

"பச்சை விளக்குப் போட்டுக் கஞ்சாக் கடை தொறந்தானுங்க. எத்தனை பிள்ளைங்க படிப்பு பாழாப் போச்சு! மொத்தமா தடை போடணும்."

பென்ஸ்ரீ கரண்டியோடு திரும்பினாள். "தடை இருந்தப்ப யாரும் இழுக்கலியாக்கும்? கோழிச்சாறுல நாலு கஞ்சா இலை போட்டவளைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போனீங்க. அடிமையானவனுக்கு வைத்தியம் பாருங்கய்யா, வெலங்கு மாட்டாதீங்க."

"வைத்தியமா? ரெண்டு அறை விட்டா தானா தெளியும்."

"உங்களுக்கு யாரும் விடலியே, அதான் இன்னும் தெளியல."

பூம் எங்களுக்கு நடுவில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் டுரியான் எழுந்து போய், பென்ஸ்ரீ எதிரே உட்காருமென்று பார்த்தால், தலைவர் எதிரே உட்கார்ந்தது. கடமை என்று வந்தால் எனக்குத் தலைவராவது ஒன்றாவது, சட்டைப் பையைக் காட்டச் சொன்னேன். ஒரு சீப்பு, ஒரு தாயத்து, மூக்கில் வைத்து உறிஞ்சுகிற தைலக் குப்பி. அதற்குள் ஒளித்திருப்பார் என்று குப்பியை உடைத்தும் பார்த்துவிட்டேன். அடுத்த நாள் காலை பெரிய பிக்கு பிச்சைக்கு வந்தபோது அவர் எதிரேயும் உட்கார்ந்தது. விழுந்து வணங்கிவிட்டு, "சாமி, பாத்திரத்தைக் கொஞ்சம் கவிழ்க்கணும்" என்றேன். ஒட்டரிசிச் சோறு, கருவாடு, அவித்த முட்டை. பிக்கு சிரித்தார், புவாலாய் சிரிக்கவில்லை. அன்று மாலையே டுரியான் அவள் எதிரே உட்கார, நான் சமையலறையில் மீன் ஊறுகாய்ச் சாடியைக் கூடக் கிளறிப் பார்த்தேன். பேச்சு நின்றது அதிலிருந்துதான்.

ஊரே கஞ்சாவில் மூழ்கிக் கிடக்க, பூம் எதிரே மட்டும் அது உட்கார்ந்ததே இல்லை. அவனைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறது. காலையில் பையனுக்குக் கண் சிவந்திருக்கிறது, செருப்பெல்லாம் சேறு. மனிதர்கள் பார்த்தால் சந்தேகப்படுவார்கள். டுரியானுக்குச் சந்தேகம் இல்லை, ஆகவே எனக்கும் இல்லை. நாய் உட்கார்ந்த வீடுகளை எல்லாம் எழுதி மாகாண அலுவலகத்துக்கு ஒரு புகாரும் தயார் செய்திருக்கிறேன். தலைவர் பெயர்தான் முதலில்.

புத்தர் அருளால் உங்கள் கண்ணும் காலும் ஊசிக்கு ஒத்துழைக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்றும் உங்கள் தம்பி,
பிரசோங்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பூமைக் கூப்பிட்டு, "நீ சுத்தம்னு அம்மாவுக்கு எழுதிட்டேன்டா" என்றேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மாமா, டுரியானுக்கு மோப்பமே போயிடுச்சு. வந்த முதல் வாரம் பையில கஞ்சாவை வச்சுக்கிட்டு அது பக்கத்துலதான் படுத்திருந்தேன். தலையைக்கூடத் தூக்கல."

"அப்போ ஊரெல்லாம் உட்காருதே?"

"தூக்கக் கலக்கம் மாமா. அந்த வாரத்தோட நான் விட்டுட்டேன். விட்டதுலேர்ந்து ராத்திரியில கண்ணை மூட முடியல, வேர்த்துக் கொட்டுது. பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தா அதைக் கூட்டிக்கிட்டு ஆத்தோரமா விடியிற வரைக்கும் நடக்கிறேன். பாவம், பகல்ல நாலு எட்டு வச்சதுமே நின்ன எடத்துல உட்கார்ந்துடுது. என்னைப் பாத்தா மறுபடி நடக்கணுமோன்னு எழுந்துடுது."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லியே. நாயைத்தானே கேட்டீங்க."

அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்: முதல் வாரம் தொட்டான். ஆனால் முகாம் வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். புகாரைக் கிழித்துப் போட்டாயிற்று. தலைவருக்குப் புதுத் தைலக் குப்பி வாங்கிவிட்டேன், புவாலாய்க்கு என்ன வாங்குவதென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்று ராத்திரி டுரியான் தூங்கட்டும், பூமோடு நான் நடக்கப்போகிறேன். என் முழங்காலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நாளைக்குப் பகலில் நான் யார் வீட்டு எதிரிலாவது உட்கார்ந்துவிட்டால், அவர்கள் பயப்படாமல் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கட்டும்.