ஆசான் பார்த்தால் ஆள் விழும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்திபுரத்திலிருந்து கிணத்துக்கடவு பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்க இடம் கிடைத்தால் அதுவே பெரிய அற்புதம். முட்டிவலிக்காரர், இடுப்புவலிக்காரர், எந்த வலியும் இல்லாமல் வேடிக்கைக்கு வந்தவர் என்று எல்லாரும் போவது ஒரே தென்னந்தோப்புக்கு. அங்கேதான் 'நோக்கு வர்மச் சக்கரவர்த்தி' வேலுமணி ஆசான் கடை விரித்திருந்தார்.

தொடவே மாட்டார். பார்ப்பார். பார்த்தால் ஆள் விழும். அதே பார்வையைக் கொஞ்சம் கனிவாகப் பார்த்தால் ஒடிந்த எலும்பு கூடும். கண் ஒன்றுதான், காணிக்கை மட்டும் தனித்தனி. பொதிகை மலைக் குகையில் ஒரு சித்தரிடம் கற்றது என்பார். சித்தர் பெயரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். மூடின கண்ணுக்கும் கூட்டம் ஒரு கும்பிடு போடும்.

அங்கே வாராவாரம் முதலில் விழுகிறவன் மாசாணம். பம்பு செட் பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன். பால் பல் விழுமுன் சிலம்பக் கம்பைப் பிடித்தான். மீசை முளைத்ததும் குஸ்தி. ஊருக்குள் கராத்தே வந்ததும் வெள்ளை உடுப்பு தைத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் உடைத்தான். இடையில் எண்ணெய்க்கட்டு, சுளுக்கு நீவல், மூச்சுப் பயிற்சி. பாதி ஆயுள் எல்லா வாத்தியார் காலிலும் விழுந்து எழுந்தவன், கடைசியில் காலே தேவையில்லை, கண்ணே போதும் என்று இந்த ஆசானிடம் வந்து சேர்ந்தான். எருமைக்கடா மாதிரி உடம்பு. அதுவே சாயும்போது எவன் சந்தேகப்படுவான்? ஆசானின் மூலதனமே அந்த உடம்புதான். அது மாசாணத்துக்கு மட்டும் தெரியாது.

"சக்தி நெஞ்சுல வந்து மோதுதுங்க" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமெல்லாம் சொல்லி வருவான்.

இப்படியிருக்க, ஒரு புதன்கிழமை அவன் மகள் இனியா கொய்யா மரத்திலிருந்து விழுந்தாள். மணிக்கட்டுக்கு மேலே கை வளைந்து வீங்கிவிட்டது. மாசாணம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே தோப்புக்கு ஓடினான். ஆசான் பார்த்தார். ஒரு தழையை வைத்துக் கட்டினார். "மாவுக்கட்டு போட்டா நரம்பு செத்துப்போகும். மூணு ஞாயித்துக்கெழம நான் பாத்தாப் போதும்" என்றார். பிள்ளை வலியில் அழுதாள். உள்ளே எலும்பு கூடுகிற சத்தம் அது என்றார்.

ஞாயிறு காலை மாசாணத்தின் மனைவி அன்புக்கரசி வழியை மறித்து நின்றாள். பஞ்சாலையில் வேலை பார்க்கிறவள்.

"ஏனுங்க, புள்ளைக்கு வெரலு மடங்க மாட்டீங்குது. பெரியாஸ்பத்திரிக்குப் போலாமுங்க."

"ஆசான் பேச்சை மீறுனா சக்தி திரும்பிப் போயிருமாம் அம்மணி."

"அது போனாப் போகுட்டுங்க. கை போயிரக் கூடாது. ஒண்ணு கேக்கறேன். அவரு பாக்கறப்ப நீங்களும் அவரைத்தானே பாக்கறீங்க? பாக்காம நின்னா உழுவீங்களா?"

"முதுகுக்குப் பின்னால இருந்து பாத்தாலும் உழுவேன் அம்மணி."

"செரி. உழுந்தா நான் வாயத் தொறக்கலீங்க. உழுகலீன்னா அடுத்த பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி."

மாசாணம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். பிள்ளையின் கையைத் தன் முழங்காலின் மேல் பந்தயம் வைத்தது அவனுக்கு உறைக்கவில்லை.

தோப்பில் கூட்டம் நிறைந்ததும், பிள்ளையோடு கூட வந்திருந்த அன்புக்கரசி ஆசானைக் கும்பிட்டாள். "ஒரு சின்ன ஆசைங்க. நடுவால ஒரு வேட்டியக் கட்டிப்போடலாமுங்க. அக்கட்டால இவிய முதுகக் காட்டி நிக்கட்டும். இக்கட்டால இருந்து நீங்க பாருங்க. செவுத்தையே தொளைக்கிற பார்வைன்னு நோட்டீசுல போட்டிருக்குதுங்க. வேட்டி எம்மாத்திரமுங்க."

கூட்டம் கை தட்டியது. ஆசானால் மறுக்க முடியவில்லை. நோட்டீசு அடித்தது அவர்தான்.

இரண்டு தென்னைக்கு நடுவே வேட்டி கட்டினார்கள். மறுபுறம் சீடர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் மாசாணம், அவனுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை ஆல்வின். கூட்டம் பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தது. ஆசானுக்கு நாக்கு வறண்டது போலும். "மொதல்ல ஒரு எளநி கொண்டாங்க" என்றார்.

மாசாணம் காத்திருந்தான். நெஞ்சில் ஒன்றும் மோதவில்லை. இனியாவின் மடங்காத விரல் ஞாபகத்துக்கு வந்தது. ஆசான் எப்போது பார்ப்பார், இப்போதா, இப்போதா என்று தவித்தான். அந்த நேரம் பார்த்து, இளநீர் சீவுகிறவன் அரிவாளை ஒரு போடு போட்டான். டொக். அவ்வளவுதான். மாசாணம் சாய்ந்தான். ஆல்வின் சாய்ந்தான். வரிசையே பாயை விரித்தாற்போல் படுத்தது.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மாசாணம் கண்ணைத் திறந்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்புக்கரசி வேட்டியை விலக்கிக் காட்டினாள். அங்கே ஆசான் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி இளநீரை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் அவரு பாக்கவே ஆரம்பிக்கலீங்க" என்றாள்.

மாசாணம் மண்ணில் கிடந்தபடியே ஆல்வினைக் கேட்டான். "நீ எதுக்கு கண்ணு உழுந்தே?"

"நீங்க உழுந்தீங்களேண்ணா. பெரியவிய உழுந்து கெடக்கறப்ப நான் மட்டும் நட்டமா நின்னா மரியாதையா இருக்குமுங்களா?"

"இத்தன நாளும்?"

"இத்தன நாளும் அப்படித்தானுங்க. உங்களுக்குத்தான் நெசமா மோதுமுங்களே."

மாசாணத்துக்கு முதல் நாள் நினைவுக்கு வந்தது. ஊரே பார்க்க ஆசான் அவனை முறைத்து முறைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் நெற்றியில் வேர்வை. ஐயோ பாவம், நாலு பேர் முன்னால் மனுசன் அசிங்கப்படக் கூடாதே என்று லேசாக முழங்காலை வளைத்தான். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் அந்த முழங்காலுக்குச் சக்தி என்று பெயர் வந்துவிட்டது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"வேட்டி சக்திய முறிச்சுப்போட்டுது" என்றார் ஆசான்.

மாசாணம் எழுந்து மண்ணைத் தட்டினான். மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். "இப்ப வேட்டி இல்லீங்க. பாருங்க."

ஆசான் பார்த்தார். கண் பிதுங்கப் பார்த்தார். மாசாணம் நின்றான். ஆசான் கிட்டத்தில் வந்து, உதடு அசையாமல், "உழுந்துபோடுங்க கண்ணு, மானம் போகுது" என்று கெஞ்சினார். மாசாணம் அதை அப்படியே சத்தமாகக் கூட்டத்துக்குச் சொன்னான். "ஆசான் உழுந்துபோடச் சொல்றாருங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு விலகியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கோணலாகவே ஒட்டியிருக்கும் என்று சொன்ன டாக்டர், மாசாணத்தைக் கோபமாக உற்றுப் பார்த்தார். எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டபின், கழுத்தில் மாட்டிய துணித்தூளியில் கையோடு வெளியே வந்த இனியா அப்பாவைக் கேட்டாள்:

"அந்த டாக்டரும்தான் உங்களை அப்படி மொறச்சுப் பாத்தாரு. நீங்க ஏம்ப்பா உழுகலே?"

மாசாணம் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். தோப்புக்கோ கூட்டம் இன்னும் போகிறதாம். ஆசான் மேல் பாவப்பட்டு விழுவதற்குப் புதிதாக ஓர் ஆள் சேர்ந்திருக்கிறானாம். நீங்களும் போங்கள், யார் வேண்டாம் என்றது? விழுவதற்கு முன்னால் தள்ளினது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். மரியாதையை அப்புறம் செய்துகொள்ளலாம்.