சொந்தக் கையால் கட்டிய சாப்பர்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களால் உலகத்துக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. புகையைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் போனவர்கள்தான். நாம் பார்க்கப்போவது வேறோர் இனம்: வீட்டு ஷெட்டில், விடுமுறை நாட்களில், சொந்தக் கையால், சிக்கனச் செலவில் ஒரு சாப்பரைக் கட்டி எழுப்புகிறவர். சாப்பர் தெரியும் அல்லவா? முன்சக்கரம் அடுத்த தெருவுக்குள் திரும்பிய பிறகும் பின்சக்கரம் இந்தத் தெருவிலேயே நிற்குமே, ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாதிரி காலை நீட்டிக்கொண்டு போவாரே, அதுதான்.

எங்கள் சான் பெர்னார்டினோவில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த வீட்டில் கார் வெளியே வெயிலில் நின்று பெயிண்ட் உரிந்து பல்லிளிக்கிறதோ, எந்த வீட்டு ஷெட்டின் கதவு முக்கால்வாசி ஏறி, அதனடியில் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவோ, அந்த வீடு. கால்களிடம் எப்போது முடியும் என்று கேட்டுப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்று கால்கள் சொல்லும். போன வருஷமும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

இதை எழுதுகிறவனுக்குச் சிரிக்கும் யோக்கியதை இல்லை. அவன் வீட்டுப் பின்கட்டில் ஐந்து வருஷமாக ஒரு மீன்பிடிப் படகு அடிப்பாகம் இல்லாமல் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. கடல் அறுபது மைல் தள்ளி இருக்கிறது. இருந்தாலும் அவன் மூன்று வீடு தள்ளியிருக்கும் லோவெல் ஸ்டக்கியைப் பற்றித்தான் எழுதுவான். தன்னைப் பற்றி எழுத எவனுக்கு மனசு வரும்?

லோவெலுக்கு அப்போது, அதாவது எழுபதில், நாற்பத்தோரு வயது. டவுனில் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க அடுத்தவர் பாதங்களுக்கு முன்னால் மண்டியிட்டுக்கொண்டு, "விரல் இடிக்குதா மேடம்?" என்று கேட்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்ஹில் சாலையில் தாடியும் தோல்சட்டையுமாக இருபது பேர் இடிமுழக்கத்தோடு போவதைப் பார்த்தால் என்ன ஆவார்? லோவெல் ஆனார். மறுவாரமே ஓடாத ஒரு ஜப்பான் வண்டி ஷெட்டுக்குள் வந்தது. வெர்னாவின் கார் வெளியே போனது. வெர்னா அவருடைய மனைவி. காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற வீட்டு டிரெய்லர் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை.

இந்த இனத்தாருக்குக் கடையில் பொருள் வாங்குவது கௌரவக் குறைச்சல். "காசு குடுத்தா எவன் வேணா வாங்கிடலாம்" என்பார்கள். அதனால் வீட்டிலுள்ள எதைப் பார்த்தாலும் உதிரிபாகமாகவே தெரியும். லோவெலின் சாப்பருக்கு முன்விளக்கு ஆரஞ்சுத் தோப்பில் செத்துப்போன ஒரு டிராக்டரிலிருந்து வந்தது. சீட்டு, சமையலறை நாற்காலியின் மெத்தை. பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள உயரமாக ஒரு கம்பி வேண்டும் அல்லவா? கட்டிலின் தலைமாட்டிலிருந்த பித்தளைக் கம்பியை ஒரு சனிக்கிழமை அறுத்தெடுத்தார். அன்றிலிருந்து வெர்னாவின் தலையணை இரவில் இரண்டு முறையாவது சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாவது வருஷம் வெல்டிங் வந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் நீளமாக வேண்டுமானால் ஃபிரேமின் கழுத்தை அறுத்துச் சரித்து மறுபடி ஒட்ட வேண்டும். வண்டியின் உயிரே அந்த ஒட்டில்தான் இருக்கிறது. லோவெல் ஒரு பழைய வெல்டிங் மெஷினைத் தேடிப் பிடித்து, நான்கு பத்திரிகைகளைப் படித்து, சாப்பாட்டு மேசையில் வெர்னாவுக்குப் பாடமும் எடுத்தார்.

"வெல்டிங்னா ஒட்டறதில்ல வெர்னா. ரெண்டு இரும்பும் உருகி ஒண்ணாகணும். சூடு உள்ள வரைக்கும் இறங்கணும். கை நடுங்கக் கூடாது. இதெல்லாம் சொன்னாப் புரியாது."

"அப்படியா?" என்றார் வெர்னா. பட்டாணிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார்.

மறுநாள் ஷெட்டிலிருந்து நீல வெளிச்சமும், கெட்ட வார்த்தையும், மறுபடி நீல வெளிச்சமும் வந்தன. பக்கத்து வீட்டு யூசேபியோ அரெடொண்டோ மதில்மேல் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். ஆரஞ்சுக் கிடங்கில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது லோவெலை வேடிக்கை பார்ப்பதே முழுநேர வேலை.

"என்ன ஸ்டக்கி, புறா ஏதும் எச்சம் போட்டுட்டுப் போச்சா?"

"இது வெல்டிங், யூசேபியோ."

"ஓ. நல்லவேளை கேட்டேன். ஈரத்துணி கொண்டாரலாம்னு இருந்தேன்."

வெர்னாவும் வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நீ ஏறி உக்காரப் போறியா?"

"பின்ன?"

"நானுமா?"

"உனக்காகத்தானே கண்ணு கட்டில் கம்பியையே வெட்டினேன்!"

வெர்னா அந்த ஒட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் கடை முதலாளியோடு செருப்புக் கண்காட்சிக்காக லோவெல் இரண்டு நாள் ஃபிரெஸ்னோ நகரத்துக்குப் போக நேர்ந்தது. திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஷெட்டுக்குள் போனார். ஃபிரேமின் கழுத்தைப் பார்த்தார். கட்டிகளும் குழிகளுமாக விட்டுப்போன இடத்தில், நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கியதுபோல் ஓர் ஒட்டு, சுற்றிலும் ஒரே சீராக ஓடியிருந்தது.

புத்தியுள்ளவன் என்ன நினைப்பான்? யாரோ வந்து மாற்றியிருக்கிறார்கள் என்று நினைப்பான். ஆனால் நம் இனத்துக்குப் புத்திக்கு முன்னால் பெருமை வந்துவிடும். லோவெல் அங்கேயே நின்று ஒரு விஞ்ஞானக் கொள்கையை உருவாக்கினார்.

"பாத்தீங்களா யூசேபியோ? ஆறணும். இரும்பு ஆற ஆறத்தான் அதோட ரூபத்துக்கு வரும்."

யூசேபியோவுக்கு பீர் மூக்கில் ஏறிவிட்டது. "ஆமாமா," என்றார் இருமிக்கொண்டே. "கனிஞ்சிருச்சு. கிடங்குல எங்க ஆரஞ்சுகூட இப்படித்தான்."

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பர் வெளியே வந்தது. ஓடவும் ஓடியது. திரும்புவதுதான் கொஞ்சம் சிரமம்; யூ-டர்ன் போட வேண்டுமென்றால் நான்கு தெருவைச் சுற்றி வரவேண்டும். வெர்னாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, தாடிக்காரர்கள் கூடுகிற ஹாம்பர்கர் கடை வாசலில் லோவெல் போய் இறங்கினார். மூன்று வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த இறக்கம். கால் தரையில் சரியாக எட்டவில்லை, பரவாயில்லை.

தாடிக்காரர்களில் பெரியவர் பிஷப். தொழில் பிளம்பர். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை, கேட்கிற உடம்பும் இல்லை அது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏம்ப்பா, இது டிராக்டர் விளக்கா?"

"ஆமா."

"நிலத்தை உழுதுட்டு நேரா வர்றியா?" கூட்டம் சிரித்தது. "இது என்ன, கட்டிலா? ராத்திரி எங்க படுக்கறே?" கூட்டம் இன்னும் சிரித்தது. லோவெலின் காது சூடாகியது. ஹெல்மெட் இல்லாத காலம். முகத்தை மறைக்க வழியில்லை.

பிஷப் கடைசியாகக் கழுத்துப் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அந்தப் பெரிய உடம்பு மெல்லத் தார்ச்சாலையில் மல்லாந்து படுத்து, அடியிலிருந்து பார்த்தது. சிரிப்பு நின்றது.

"இந்த வெல்டு யார் வெச்சது?"

மூன்று வருஷமாக ஒரு மனிதன் காத்திருந்த கேள்வி. அதுவும் கட்டிலுக்கும் டிராக்டருக்கும் சிரிப்பு வாங்கிய பிறகு. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"நான்தான்," என்றார் லோவெல். "சொந்தக் கையால."

வெர்னா பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்தார். தூவி முடித்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என் ஃபிரேமும் அதே இடத்துல விரிசல் விட்டிருக்கு," என்றார் பிஷப் எழுந்து தூசி தட்டியபடி. "மூணு பட்டறைக்காரன் கை வெச்சான், நிக்கல. சனிக்கிழமை கொண்டாறேன் தலைவா. நீதான் பண்றே."

'தலைவா' என்றார். லோவெலால் எப்படி மறுக்க முடியும்?

அந்த வாரம் லோவெல் கடையிலிருந்து வந்ததும் ஷெட்டில் பழைய குழாய்த் துண்டுகளை ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றும் புறா வேலை. கலங்கவில்லை, வரிசையாக அடுக்கி ஆறவிட்டார். ஃபிரெஸ்னோ கணக்குப்படி முழுசாக இரண்டு நாள். வியாழக்கிழமை போய்ப் பார்த்தார். ஒன்றும் கனியவில்லை. அப்போதுதான் முதல்முறையாக அவருக்குத் தன் விஞ்ஞானத்தின்மேல் சந்தேகம் வந்தது. வெள்ளிக்கிழமை மருந்துக் கடையில் ஒரு சுருள் பேண்டேஜ் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். கையில் சுற்றிக்கொண்டு அடிபட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். மூன்று மாசம் தள்ளிப்போகும். மூன்று மாசத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், பிஷப் மதம்கூட மாறலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிஷப் வந்தார். ஃபிரேம், இரண்டு நண்பர்கள், மடக்கு நாற்காலிகள், ஒரு பெட்டி பீர். வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். யூசேபியோவும் மதில் பக்கம் நாற்காலி போட்டிருந்தார். பேண்டேஜ் சுற்றக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

"இருபதாவது கல்யாண நாள், தலைவா," என்றார் பிஷப், ஃபிரேமைக் கட்டையில் பொருத்திக்கொண்டே. "நானும் டோரீனும் மலைமேல ஏரிக்குப் போறோம். அவளுக்கு என் வண்டின்னாலே பயம். 'ஸ்டக்கி வெக்கற வெல்டு, மலை இடிஞ்சாலும் அது நிக்கும்'னு சொல்லித்தான் சம்மதிக்க வெச்சேன்."

லோவெல் முகமூடியைக் கீழே இறக்கினார்.

வெல்டிங் முகமூடிக்குள் இருந்திருக்கிறீர்களா? தீப்பொறி பிறக்கும்வரை ஒன்றும் தெரியாது. கும்மிருட்டு. அந்த இருட்டில் லோவெலுக்குத் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பார்த்தேயிராத அந்த டோரீன், மனக்கண்ணில், மலைப்பாதையின் ஏதோ ஒரு வளைவில், பயத்தை அடக்கிக்கொண்டு பிஷப்பின் இடுப்பைப் பிடித்திருந்தாள். செருப்புக் கடைக்காரர் பொறியைத் தட்டவில்லை.

"என்ன தலைவா, தூங்கிட்டியா?"

முகமூடி மேலே போனது. "அந்த வெல்டு நான் வெச்சதில்ல."

"பின்ன யாரு வெச்சது?"

"தெரியல."

"தெரியலையா?"

"ஊருக்குப் போயிட்டு வந்தேன். அழகா ஆயிருந்துச்சு. ஆறினதால அப்படி ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

சிரித்திருந்தால் தேவலை. ஒருவரும் சிரிக்கவில்லை. பிஷப், உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பதுபோல் லோவெலைப் பார்த்தார். யூசேபியோ மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியோடு சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது.

வெர்னா சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். நேரே காருக்குப் போய் டிக்கியைத் திறந்து, தோல் கையுறையும், நெற்றியில் வெள்ளை எழுத்தில் 'வெர்னா' என்று எழுதிய முகமூடியும் எடுத்து வந்தார்.

"தள்ளு," என்றார் கணவரிடம்.

முக்கால் மணி நேரம். நீல வெளிச்சம் ஒரே சீராக நகர்ந்தது. ஒரு கெட்ட வார்த்தையும் வரவில்லை. முடிந்ததும் பிஷப் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"எங்க கத்துக்கிட்டீங்க மேடம்?"

"டிரெய்லருக்கு அடிச்சட்டம் போடறேன். ஷிஃப்டுக்குப் பதினாறு."

அவர்கள் போனபிறகு ஷெட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். லோவெல் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். வெர்னாவின் முழங்கையில் இருந்த பொட்டுப் பொட்டான தழும்புகள் கண்ணில் பட்டன. அடுப்பில் சுட்டது என்று நினைத்திருந்தார், கேட்டதில்லை.

"நீ டிரெய்லருக்குத் திரைச்சீலை தைக்கிற பக்கம்ல இருந்தே?"

"அது எழுபத்தொண்ணுல. வெல்டிங்குக்கு மாத்திட்டாங்க. சொன்னேனே."

"எப்ப?"

"ஜூன் மாசம். கேக் வாங்கிட்டு வந்து சொன்னேன். நீ கேக்கைச் சாப்பிட்டே."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னே. ஏதோ ஃபோர்க் படம் பாத்துட்டிருந்தே."

"என் வெல்டை அறுத்துட்டு நீ வெச்சதையாவது சொல்லியிருக்கலாம்."

"நீ இந்த ஷெட்டுக்குள்ள மட்டும்தான் சிரிச்ச முகமா இருந்தே, லோவெல். வண்டியோட நீ போய்ச் சேர்றதும் எனக்குப் பிடிக்கல. நீ கட்டின வண்டி இல்லன்னு சொல்றதும் பிடிக்கல." கையுறையைக் கழற்றி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். "நீ பாட்டுக்குப் பாடம் எடுத்தப்பதான் பட்டாணிக் கிண்ணத்தால ஒண்ணு போடலாம்னு இருந்துச்சு."

"பதினாறா?" என்றார் லோவெல் மெதுவாக. "பதினாறு எப்படி முடியும் ஒரு ஷிஃப்டுல?"

வெர்னா அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு ஒரு மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. லோவெல் நடுவில் பேசவே இல்லை. இரண்டு தடவை பேச வாயெடுத்தார்; மூடிக்கொண்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் அந்த ஷெட் வாசலில் தாடிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். லோவெல் காப்பி கொடுக்கிறார், குழாயைப் பிடித்துக்கொள்கிறார், தரையைக் கூட்டுகிறார். "வெர்னாவோட வீட்டுக்காரர்" என்றுதான் அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். புதிதாக வருகிறவர் யாராவது வெல்டின் ரகசியம் என்னவென்று கேட்டால் மட்டும் பழைய உற்சாகம் எட்டிப் பார்க்கும்.

"நல்ல வெல்டுக்கு ரெண்டு பேர் வேணும்," என்பார். "ஒருத்தர் வெக்கணும். இன்னொருத்தர் ஃபிரெஸ்னோ போயிடணும்."

உங்களுக்கு இது பொருந்தாது. உங்களிடம் ஷெட் இல்லை, வெல்டிங் மெஷின் இல்லை, கட்டில் முழுசாக இருக்கிறது. சந்தோஷம். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து ஒருவர் ஏதோ சொன்னார். நீங்களும் நிமிராமலே ஏதோ பதில் சொன்னீர்கள்.

என்ன சொன்னார்?