டிரம்பட் பாயும் மூன்று சீடியும்

கம்ப்யூட்டரையே மூச்சு வாங்க வைத்த மனிதர் விருதுநகர் ஜில்லாவில் ஒருவர்தான். அவர் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. டிரம்பட் பாய் என்று எழுதினால் தபால் போய்ச் சேரும். கல்யாணம், கந்தூரி, கோயில் கொடை எதுவானாலும் அவருடைய பேண்டு செட்தான். சும்மா நடக்கும்போதும் உதடு டிரம்பட்டுக்குக் குவிந்தபடியே இருக்கும். புதிதாகக் குடிவந்த பெண்கள் தப்பாக நினைத்துச் சண்டைக்குப் போய், பிறகு மன்னிப்புக் கேட்டதுண்டு.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. ஓய்வுபெற்ற கையோடு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு காலை பாய் மூன்று சீடியோடு வந்தார். மூன்றும் இசை மென்பொருள். ஸ்வரத்தை ஏற்றினால் கம்ப்யூட்டரே எல்லா வாத்தியமும் வாசிக்கும். நோட்ஸும் அச்சடித்துத் தரும்.

“சார், இதுல எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில பால்குடத்துக்கு ஊதணும். அதுக்குள்ள நோட்ஸ் வேணும். இல்லாட்டி நம்ம மாரியப்பனைத் தூக்கிருவாங்க.”

மாரியப்பன் அவருடைய கிளாரினெட்காரர். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தே நெஞ்சு கெட்டவர். ஒரு வரியை முழுசாக ஊதமுடியாமல் நடுவில் அறுந்துபோவார். செட்டில் மற்றவர்கள் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

“நோட்ஸைக் கையாலேயே எழுதலாமே பாய்?”

“நான் எழுதுனா சண்டைக்கு வருவாங்க சார்.”

எனக்குப் புரியவில்லை. புரியாத கோப்பை விதிப்படி நடத்துவதுதான் என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த வேலை. கொள்முதல் பிரிவில் இருந்தவனாயிற்றே, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். ஒலி, அச்சு, வேகம் என்று பன்னிரண்டு கட்டம். முதல் சீடி பதினொன்றில் தேறியது.

பாய் அதை ஓட்டச் சொன்னார். கம்ப்யூட்டர் கிளாரினெட் வாசிக்க, அவரும் வாத்தியம் இல்லாமலே கூடவே மூச்சைப் பிடித்தார். முகம் சிவந்தது, பிறகு கறுத்தது. என் மனைவி செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

“ஏன் சார், இதுக்கு நெஞ்சு எங்கன இருக்கு? எம்புட்டு நேரம் மூச்சே விடமாட்டேங்குது!”

“அது மெஷின், பாய்.”

“மெஷின் ஊதிரும். மாரியப்பன்ல ஊதணும்?”

இரண்டாவதில் மூச்சுக்குறி உண்டு, காற்புள்ளி மாதிரி. ஆனால் தாளில்தான் இருக்கும், ஓட்டினால் நிற்காது. “எங்க ஆபீஸ் சர்க்குலர் மாதிரி” என்றேன். பாய் சிரிக்கவில்லை.

மூன்றாவது பார்க்கவே சகிக்காது. மவுஸை ஒரு இடத்தில் வைத்தால் ஸ்வரம் வேறு இடத்தில் விழும். என் பட்டியலில் கடைசி. ஆனால் குறி போட்ட இடத்தில் நின்றது, மூச்சு வாங்கியது.

“இதான் சார்! இதுக்குத்தான் உசுரு இருக்கு.”

ஒரு வாரம் என் நாற்காலி அவருக்கு. கிளாரினெட் வரியில் மட்டும் நாலைந்து ஸ்வரத்துக்கு ஒரு குறி போட்டார். அந்த இடைவெளிகளில் தன் டிரம்பட்டை நுழைத்தார். சீட்டாட்டம் இல்லாமல் நான் இளைத்தேன்.

இருக்கன்குடிக்கு நானும் போனேன். மாரியப்பன் கம்பீரமாக ஊதினார், நிறுத்தினார், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினார். நடுவில் டிரம்பட் எடுத்துக் கொடுத்தது. பாட்டே அப்படிப் பிறந்தது போலிருந்தது. ஒரு இடத்திலும் அறுந்துபோகவில்லை.

முடிந்ததும் டிரம் அடிப்பவர் பாயை மடக்கினார். “என்ன பாய், அவருக்கு மட்டும் இம்புட்டு ரெஸ்ட்டு?”

“என்னை ஏன்ப்பா கேக்குற? கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தது. சார்ட்ட கேளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாரியப்பனும்தான்.

“ஆமா, கம்ப்யூட்டர்தான் போட்டது” என்றேன். “அதை யாரும் மாத்தமுடியாது.”

நான் அறிந்து சொன்ன முதல் பொய்ச்சாட்சி அது. பாய்க்காக இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.