பூன் லேயில் பெய்த சிவப்புப் பனி

“இந்த வருஷம் மெஷின்களோட சப்போரோவுக்கு நான் போறேன் பாஸ்.”

வேலைக்குச் சேர்ந்த அன்றே கணக்குப் பார்க்கும் ரத்தினம்மா சக்தியிடம் சொல்லி வைத்திருந்தார்: “அவர்கிட்ட லீவு கேளு, ஏர்கான் கேளு. ஜப்பான் பயணத்தை மட்டும் கேட்டுடாதே.” அதைத்தான் சக்தி கேட்டுவிட்டாள். அதுவும் முதலாளி மாசிலாமணி காலைத் தேநீரின் முதல் மடக்கை விழுங்குவதற்குள்.

அவருக்குப் புரையேறியது.

பூன் லே தொழிற்பேட்டையில் இருந்த அவருடைய பட்டறையில் கிடப்பதெல்லாம் பழைய இயந்திரங்கள். புல்வெளிகளில் ஓடிய தோட்ட டிராக்டர்கள், பனியை அள்ளித் தூர வீசும் ஸ்னோ புளோயர்கள். வருஷம் முழுக்க வேர்க்கிற ஊரில் பனி மெஷின் எதற்கு என்று கேட்காதவர் இல்லை. குளிர் நாடுகளிலிருந்து ஒரு காலத்தில் இங்கே வேலைக்கு வந்த துரைமார்களின் வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பியவர்கள், கராஜில் இருந்ததையும் சேர்த்தே கட்டி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பும்போது துரைமார் அவற்றை விட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீடுகளில் புல் வெட்டிக்கொண்டிருந்த மாசிலாமணி விடவில்லை. இப்போது சப்போரோவில் ஒரு கடைக்காரர் அந்தப் பழசுகளைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்.

டிசம்பர் பனிப்புயலுக்கு முன்னால் அவை அங்கே போய்ச் சேர வேண்டும். கார்புரேட்டரைக் கழுவுவதிலிருந்து டிராக்டர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுவது வரை எல்லாம் சக்தி. அங்கே போய் ஓட்டிக் காட்டிவிட்டு வருவது மட்டும் மகன் வெங்கட். போன வருஷம் அவன் ஓட்டிக் காட்டியது பனிச்சறுக்குப் பலகையை. படம் படமாக வந்தது.

“நீ பொம்பளப் புள்ள. குளிரு தாங்க மாட்டே.”

“வெங்கட் திரும்பி வந்து ஒரு மாசம் தும்மினாரே பாஸ், அவரு ஆம்பளப் புள்ளதானே?”

அவள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள். மிதித்த வேகம் இன்னும் அடங்கவில்லை.

“பனியவே பாக்காதவ அங்க போயி என்ன பண்ணுவே? இங்க பனியை வீசிக் காட்டு, அப்புறம் பேசலாம்.”

பேச்சை முடித்துவிட்ட திருப்தியில் மாசிலாமணி தேநீரை எடுத்தார்.

“ஓகே லா,” என்று லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு சக்தி கிளம்பிவிட்டாள்.

திரும்பி வந்தபோது லாரி நிறைய மீன் சந்தை ஐஸ். முற்றத்தில் கொட்டினாள். சிவப்பு ஸ்னோ புளோயரின் கயிற்றை ஒரே இழுப்பு. மெஷின் உறுமியது.

மாசிலாமணி முற்றத்துக்கு வந்தார். அதே சத்தம். தேவையே இல்லாத ஊரில், கேட்பதற்காகவே அவர் புல் வெட்டிய வீட்டுத் துரை அதைக் கிளப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அவருக்கு அவர் ஊர்க் குளிர் வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மாசிலாமணிக்கு வேர்வைதான் வரும். ஆனாலும் அவரும் கண்ணை மூடிக்கொள்வார்.

இப்போதும் மூடினார். திறந்தபோது அவருடைய கார் கூரைமேல் ஒரு மீன் தலை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து ‘கடக்’. பல்சக்கரத்தைக் காப்பாற்றுவதற்காகவே உடையும் சின்ன ஆணி உடைந்து மெஷின் நின்றது. எங்கிருந்தோ பூனைகள் வந்து சேர்ந்தன.

“இது ஐஸ்கட்டி. பனின்னா பூ மாதிரி இருக்கணும்.”

“ஐஸ் கச்சாங்குக்குச் சீவிப் போடுவாங்களே, அந்த ஐஸ் மாதிரியா?”

“ஆமா!” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “இரு, இரு, நீ போனா கடையவே தூக்கிட்டு வருவே. நானே சொல்றேன்.”

பழக்கமான கடைக்காரரை ஃபோனில் பிடித்தார். “ஐஸ் கச்சாங் வேணும்ப்பா. கிண்ணத்துல இல்ல, பெரிய பெட்டி பெட்டியா. பட்டறைக்கு.”

“விசேஷமா அண்ணே? ஜமாய்ச்சிடலாம்!”

பெட்டிகள் வந்தன. மூடியைத் திறந்த சக்தி அப்படியே நின்றாள். சிவப்பு, பச்சைச் சிரப்பு. உள்ளே சோளம், ஜெல்லி, சிவப்பு பீன்ஸ்.

“வெறும் ஐஸ் வேணும், கொசோங்னு சொல்லலியா பாஸ்?”

“ஐஸ் கச்சாங்க எவனாச்சும் கொசோங்கா கேப்பானா?”

“சாப்பிடறவன் கேக்க மாட்டான்.”

புது ஆணியைப் போட்டாள். கயிற்றை இழுத்தாள். இந்த முறை மெஷின் அற்புதமாக வீசியது. பூப்பூவாய், வானவில் மாதிரி வளைந்து, வேலியைத் தாண்டி, பக்கத்துப் பெயின்ட் பட்டறையில் அப்போதுதான் வெள்ளையடித்து நிறுத்தியிருந்த வேன்மேல் இறங்கியது.

“மாசி! என் வேன்ல சோளம்!” என்று பக்கத்துப் பட்டறை ஆ செங் ஆங்கிலத்தில் அலறினார்.

“வெங்கட்! ஓடு, துடைடா!”

கைபேசியிலிருந்து தலையைத் தூக்கிய வெங்கட் ஓடிப்போய்த் துடைத்தான். பீன்ஸ் வந்தது. கூடவே பெயின்டும் வந்தது.

“துடைக்காதடா! தண்ணி அடி!”

தண்ணீர்க் குழாயை மறைத்துக்கொண்டு ஒரு டிராக்டர் நின்றது. அதை நகர்த்த ஏறினான் வெங்கட். முன்னால் போகவேண்டிய டிராக்டர் பின்னால் போய், கப்பலுக்குத் தயாராக இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சரக்கை ஏற்றிப்போக ஜலாலுதீன் லாரியோடு வந்தார். வருஷாவருஷம் இவர்கள் சரக்கைக் கப்பலேற்றும் ஏஜென்ட் அவர்.

“என்ன பாஸ், பூன் லேயில பனிப்புயலா?”

யாரும் சிரிக்கவில்லை. சக்தி டிராக்டரை முன்னால் எடுத்தாள். உடைந்த பலகைகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு அடித்தாள். மெஷினைக் கழுவத் தண்ணீர்க் குழாயை எடுத்தாள். மாசிலாமணி பனி வீசும் குழாய் வாயில் ஒட்டியிருந்ததை வழித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. இத்தனை வருஷம் இந்த மெஷின்களைப் பனிக்கு அனுப்பியிருக்கிறார். பனி அவர் கைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது இன்றைக்குத்தான். கொண்டுவந்தது இவள்.

‘போயிட்டு வாம்மா’ என்று சொல்ல வாய் திறந்தார். ‘மகன் இருக்கும்போது வேலைக்கு வந்த பொண்ணையா அனுப்பினீங்க?’ என்று மனைவி கேட்பது காதில் விழுந்தது.

“அடுத்த வருஷம் பாப்போம்மா. இந்தத் தடவையும் வெங்கட்டே போகட்டும்.”

“இதுதான் முடிவா பாஸ்?”

“முடிவுதான்.”

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கையுறையைக் கழற்றி டிராக்டர் இருக்கையில் வைத்தாள்.

“கப்பலுக்காக டேங்க்ல இருந்த பெட்ரோல எல்லாம் எடுத்துட்டேன். பெட்டிய மூடிடுங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

“ஏய் சக்தி, எங்க போறே? நாளைக்குச் சீக்கிரம் வா, இன்னும் ரெண்டு டிராக்டர் கிடக்கு!”

அவள் திரும்பவில்லை. கேட்டைத் தாண்டிவிட்டாள்.

ஜலாலுதீன் மாசிலாமணியை ஆச்சரியமாகப் பார்த்தார். “உங்ககிட்ட இன்னும் சொல்லலியா பாஸ்? சப்போரோ கடைக்காரர் இவங்களை வேலைக்குக் கூப்பிட்டுட்டாரே. வெங்கட் தம்பி கொண்டுபோற மெஷினை அங்க ஓட்டிப் பாத்து வாங்கிக்கப்போற மேனேஜரே இனிமே இவங்கதானே!”