குறைந்தது நான்கு பிழைகள்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் தங்கள் தங்கையும் நலம். தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் இரும்புக் கடையும், எங்களுக்காகவே தாங்கள் காலியாக வைத்திருக்கும் மாடியும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அந்த மாடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இன்றே அதை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். நாங்கள் வரப்போவதில்லை.

தாங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் தாங்கள் ஐந்தாம் மாடிப் பால்கனியில் நின்று, பேருந்து திரும்பிப் போகும் கடைசி நிறுத்தத்தையும், டயர் கடைகளையும், கிடங்குகளையும், லாரி எடைமேடையையும், பாதி போட்டு நிறுத்திய தார்ச்சாலையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இங்க ருசியா ஒரு வாய் சாப்பிட எங்க போவீங்க? என் தங்கச்சியைக் கொண்டுவந்து பாலைவனத்துல உக்கார வச்சிட்டீங்களே" என்றீர்கள். அதோடு விட்டிருக்கலாம். போகிற போக்கில், "நம்ம மாடி காலியாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தையையும் போட்டுவிட்டுப் போனீர்கள்.

தங்கள் தங்கை முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் சமைத்துப் போட்டவள். ஓய்வு பெற்ற அன்றே, "இனிமே சனிக்கிழமை அடுப்புக்கும் லீவு. அன்னிக்கு வெளியிலதான் சாப்பாடு" என்று அறிவித்துவிட்டாள். நியாயமான கோரிக்கை என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். தாங்கள் போனதும், "மூணு மாசம் டைம். அதுக்குள்ள, நானே வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி ஒரு கடையைக் கண்டுபிடிங்க. இல்லேன்னா அண்ணன் வீட்டு மாடிக்குப் போயிடலாம்" என்றாள். மைத்துனரே, அச்சகத்தில் முப்பத்துநான்கு வருடம் பிழை திருத்தி, ஏழு வாடகை வீடுகள் மாறி, கடைசியில் சொந்தமாக வாங்கிய வீடு இது. இதை விட்டுவிட்டுத் தங்கள் தலைக்கு மேல் குடியேறி, தாங்கள் தினமும் படியேறி வந்து "சாப்பிட்டாச்சா மாப்பிள்ளை" என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. தவறாக நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

முதல் சனிக்கிழமை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஹோட்டலுக்குப் போனோம். அதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் பலகை. 'சுடச்சுடக் காய்கறிச் சூப்' என்று எழுதியிருந்தது. சுடச்சுடவுக்குப் பின்னால் ஒரு க், காய்கறிக்குப் பின்னால் ஒரு ச். பத்திரிகைக்காரர்களே கைகழுவிவிட்ட ஒற்றெழுத்தை ஒரு ஹோட்டல்காரர் வைத்துக் காப்பாற்றுகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி எழுதுகிறவர் சமையலில் மட்டும் குறை வைப்பாரா என்று நம்பி உள்ளே போய் உட்கார்ந்தால், சூப் என்ற பெயரில் பாத்திரம் கழுவிய தண்ணீர் வந்தது, அதுவும் ஆறிப்போய் வந்தது. தங்கள் தங்கை இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். "எழுத்தெல்லாம் சுத்தமா இருக்குங்க. தட்டுதான் சுத்தமா இல்ல" என்றாள்.

அடுத்த வாரம் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடை. உள்ளே சுவரில் 'குடும்ப அரை' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம், முடியவில்லை. முதலாளியைக் கூப்பிட்டு, "ஐயா, அறைக்கு வல்லின ற வரணும். இந்த ர போட்டா பாதின்னு அர்த்தம்" என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாதிக் குடும்பம்தானே சார் வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விலைப்பட்டியலில் 'காய்கரி வறுவல்' என்று இருந்தது. அதையாவது திருத்திக் கொடுப்போம் என்று சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றும்போது வறுவல் வந்துவிட்டது. பார்த்தால் கரிதான். பிழை என்று நான் நினைத்தது முன்னெச்சரிக்கையாக இருந்திருக்கிறது. பேனாவை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

ஆனால் நான் பேனாவை எடுத்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். சிவப்புப் பேனாவோடு ஓர் ஆள் கடை கடையாக வந்து சுவரை உற்று உற்றுப் பார்க்கிறார், கூட வரும் அம்மா தட்டைத் தடவிப் பார்க்கிறார், இவர்கள் சுகாதார இலாகா ஆட்கள்தான் என்று ஒரே வாரத்தில் பேச்சு பரவிவிட்டது. மூன்றாம் சனிக்கிழமை நாங்கள் கிடங்குத் தெருவில் காலை வைத்ததும் ஒருவர் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார், அடுத்த கடைக்காரர் ஷட்டரை இறக்கினார், தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட மூன்றாமவர் எங்களை உட்காரவைத்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுத் தட்டில், உப்பு காரம் எண்ணெய் எதுவும் சேர்க்காமல் அவித்த ஏதோ ஒன்றை வைத்துவிட்டு, நாங்கள் விழுங்கி முடிக்கும்வரை கைகட்டி நின்றார். "ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் கொடுக்கிற சாப்பாடு மாதிரி இருக்கு" என்றாள் தங்கள் தங்கை. பிறகு ஒரு நாள் நல்ல வாசனையாக இருக்கிறதே என்று வரிசையில் நின்று உள்ளே போய், பாதி சாப்பிட்டபின் ஒருவர் வந்து "நீங்க எந்த ஷிப்ட்?" என்று கேட்டதும்தான் அது ஒரு தொழிற்சாலையின் கேன்டீன் என்று தெரிந்தது. இப்படியே எட்டு வாரம் ஓடிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன்.

அப்போதுதான் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் எனக்கு வழிகாட்டினார். அவரிடம் என் கதையைச் சொல்லி, பலகையைப் பார்த்துத்தான் கடையைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றேன். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே, "என்ன சார் நீங்க, நல்லா எழுதத் தெரிஞ்சவன் எழுதிக்கிட்டே இருப்பான். அடுப்பை யார் பாக்குறது? நல்லா சமைக்கிற கைக்கு எழுத்து கோணலாத்தான் சார் வரும்" என்றார். இத்தனை நாள் நான் பிடித்துக்கொண்டிருந்தது தலைகீழ்! பிழை அதிகமாக அதிகமாக ருசியும் அதிகம். வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க இந்தக் கொள்கையைத் தங்கள் தங்கைக்கு விளக்கினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பிழை இருந்தா உள்ள போவீங்க?"

"குறைஞ்சது நாலு."

"எல்லாம் ஒரே வரியிலயா?"

"ஒரே வரியில இருந்தா ரொம்ப உத்தமம்" என்றேன். இவ்வளவு அக்கறையாக அவள் என் பேச்சைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது.

பத்தாவது சனிக்கிழமை, எடைமேடைப் பக்கமாக நடந்து பார்க்கலாமே என்று அவள் சொல்ல, தற்செயலாக அந்த வழியே போனோம். எடைமேடையைத் தாண்டி, நீலக் கதவு போட்ட சின்னக் கடை. ஐந்தே மேசைகள். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'இன்ரு சூடாண மீன் வருவல் உன்டு.' மைத்துனரே, ஐந்து சொல்லில் நான்கு பிழை. மீன் ஒன்றுதான் தப்பித்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "இதுதான். உள்ள வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த மீனைப் பற்றி நான் என்ன எழுத? வெளியே மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய்போல, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டோடு, பக்கத்தில் அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டியோடு வந்தது. கடையை நடத்தும் அம்மாவின் உபசாரம் அதற்கும் மேல். முதல் முறை வருகிற எங்களிடம், "வாங்க, உங்க சன்னலோர இடம் காலியாத்தான் இருக்கு" என்று சொல்லி உட்காரவைக்கிறார். தங்கள் தங்கைக்குச் சர்க்கரை ஆகாது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, கேட்காமலே சர்க்கரை போடாத டீயைக் கொண்டுவந்து வைக்கிறார். இப்படி ஆள் அறிந்து நடக்கிற கடை தங்கள் நகரத்தின் நடுவில் எங்கேயாவது உண்டா? இரண்டாவது தட்டு மீனையும் முடித்துவிட்டுத் தங்கள் தங்கை சொன்னாள்: "நல்லா இருக்குங்க. நாம இங்கேயே இருந்துடலாம்." நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று சனிக்கிழமைகளாக அங்கேதான் சாப்பிடுகிறோம். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு பிழைகளையும் நான் இன்னும் திருத்தவில்லை. கண்ணில் தூசி விழுந்ததுபோல உறுத்துகிறது. ஆனாலும் தொடவில்லை. அதைத் திருத்தப்போய்ச் சமையல் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

ஆகவே, வருகிற சனிக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு வந்து, தாங்கள் பாலைவனம் என்று சொன்ன இடத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு நல்ல உடம்பும், நல்ல படிப்பும், எந்தப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினாலும் நல்ல சாப்பாடும் அமைய வேண்டும் என்று எங்கள் ஆசிகள். இதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பும்படி தங்கள் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தன் சொந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கப்போகும்
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது உங்கள் தங்கை. ஒட்டுவதற்கு முன்னால் நானும் நான்கு வரி எழுதிவிடுகிறேன்.

மாடிக்கு வரும் எண்ணம் எனக்கு என்றுமே இருந்ததில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றதிலிருந்து இவர் சன்னலோரம் உட்கார்ந்து மருந்துப் பாட்டில்களில் இருக்கும் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வெளியே கிளப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த நீலக் கதவுக் கடையை நான் குடிவந்த இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். காலையில் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேதான் டீ குடிக்கிறேன். இவரை இரண்டு முறை அந்த வழியாகவே அழைத்துப் போனேன். இவருக்குக் கடை கண்ணில் படாது, பலகைதான் படும். முதல் முறை போனபோது பலகையை இன்னும் வெளியே வைத்திருக்கவில்லை, இவர் கடையைத் திரும்பியே பார்க்கவில்லை. அந்தக் கொள்கை வந்தபிறகு போனபோது பலகையைப் படித்துப் பார்த்து, "ஒரு பிழைகூட இல்ல, தேறாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். நானே சொல்லிக் கூட்டிப்போனால் உப்பில் குறை கண்டுபிடிப்பார். கடைக்கார அம்மா முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவர். விஷயத்தைச் சொன்னதும், "செத்தாலும் என் கையால அப்படி எழுத மாட்டேம்மா. வேணும்னா நீங்களே எழுதிக்கோங்க" என்று சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான்கையும் எழுதியது நான்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் எழுதிய கடிதங்களையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிய மனிதர் இவர். உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்கள்தானே தபால்காரரிடம் வாங்கிக்கொண்டு வந்து சிரித்தீர்கள். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பலகை முன்னால் நிற்கிறார். கை சட்டைப்பைக்குப் போகிறது, பேனா பாதி வெளியே வருகிறது, என்னைப் பார்க்கிறார், திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார். சமையல் கெட்டுவிடும் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணா. என் கையெழுத்து இவருக்குத் தெரியாதா என்ன?

சனிக்கிழமை அவசியம் வாருங்கள். பலகையைப் பார்த்தால் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடையைக் கண்டுபிடித்தது அவர்தான்.