லேசர் போட்ட சுவிட்ச்

லேசர், எங்கள் தெருவின் கரண்டைக் கெடுத்தவன் நீதான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. இதில் வேறு எவன் மேலும் பழி போட வழியில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் எலெக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. ஃபேன் சுற்றாவிட்டால் சுற்றவைப்பார்கள், பல்பு எரியாவிட்டால் எரியவைப்பார்கள். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் பல்பை அண்ணாந்து பார்த்து, "இது ஏன்ணா சும்மா எரியணும்? ஒரு காரணம் வேணாமா?" என்று கேட்ட எலெக்ட்ரீஷியன் உலகத்திலேயே லேசர் ஒருவன்தான்.

அவன் சொந்தப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நாற்பதைத் தாண்டிய ஆள். மொபெட்டில் ஏணியைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு வருவான். எதிரில் வருகிற ஆட்டோவெல்லாம் ஓரம் கட்டி நிற்கும். சட்டைப் பையில் திரை விரிசல் விட்ட போன். அந்தப் போனில் இருந்தது ஒரு விளையாட்டு. எங்களுக்குச் சனி பிடித்தது அதில்தான்.

விளையாட்டு இதுதான். ஒரு மூலையிலிருந்து லேசர் ஒளி கிளம்பும், அதற்கு 'பீம்' என்று பெயர். கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி அதை இன்னொரு மூலையில் இருக்கிற விளக்குக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் ஒளி வந்தால்தான் வெளியே விடும். இன்னொன்றுக்கு ஏதாவது ஒரு பக்கம் வந்தால் போதும். மூன்றாவது பிடிவாதக்காரப் பெட்டி. ஒளி உள்ளே வராவிட்டால்தான் வெளியே விடும், வந்தால் விடாது. அவ்வளவுதான். குழந்தைகள் விளையாடி முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இவன் அதை ஊருக்கே வயரிங் பண்ணக் கிளம்பிவிட்டான்.

முதலில் மாட்டியவர் எங்கள் தெரு வாத்தியார். ரிடையர் ஆனவர், அமைதியை விரும்புகிறவர். காலிங் பெல் ரிப்பேர் என்று கூப்பிட்டார். லேசர் அதில் பிடிவாதக்காரப் பெட்டியை வைத்துவிட்டான். பட்டனை அழுத்தாதபோதெல்லாம் பெல் அடித்தது, அழுத்தினால் நின்றது.

"என்னப்பா இது, விடாமல் அடிக்கிறதே?" என்று காதைப் பொத்திக்கொண்டு கேட்டார் வாத்தியார்.

"அடிச்சிக்கினு இருந்தா யாரும் வரலேன்னு அர்த்தம் சார். கப்புனு நின்னுச்சுன்னா போய்க் கதவத் தொறங்க."

வாத்தியார் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, பெல்லை அவரே கழற்றித் தண்ணீர் வாளியில் போட்டார்.

எங்கள் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். சேலைக்கான பட்டு இழைகளைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்துக் கட்டிச் சரிசெய்வது. நாங்கள் குனிந்து அடியில் புகுந்து போவோம். லேசர் மட்டும் பாவைக் கண்டால் மொபெட்டை நிறுத்திவிடுவான்.

"இன்னாபா நின்னுட்ட? குனிஞ்சு வா," என்பார் பாவுக்காரர்.

"பீம் போய்க்கினு இருக்குது. குறுக்க வந்தா அந்தாண்ட விளக்கு அணைஞ்சிடும்."

"எந்த விளக்குபா?"

அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, ஏணியைத் திருப்பிக்கொண்டு கோயில் தெரு வழியாகச் சுற்றி வருவான். பாவுக்காரருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. தன் பாவுக்கு மரியாதை கொடுக்கிற ஒரே மனுஷன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு மீட்டர் பெட்டி நடையின் கடைசியில், இருட்டில் இருக்கிறது. அதைப் பார்க்க வந்த லேசர், சலூனிலிருந்து ஒரு கண்ணாடியை வாங்கி வந்தான். எங்கள் பீரோக் கண்ணாடியையும் கழற்றினான். ஒன்றைத் தெருவிலும் மற்றொன்றை வாசலிலும் சாய்த்து, வெயிலை மடக்கி மீட்டர் பெட்டிக்குக் கொண்டுவருவதாகத் திட்டம். வீட்டில் டார்ச் இருந்தது. என் மனைவி அதைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெயில் மீட்டர் பெட்டிக்கு வரவில்லை. பக்கத்து டிபன் கடை வாசலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் கண்ணில் போய் விழுந்தது. அவர் நகர்ந்தார். லேசர் கண்ணாடியைத் திருப்பினான். வெயிலும் அவர் பின்னாலேயே போனது.

"எவன்டா அது கண்ணுல அடிக்கிறது?"

"தலைவரே, கோச்சுக்காதீங்க. இலைய எடுத்துக்கினு அப்படி ஓரமா நில்லுங்க. நீங்க குந்திக்கினு இருக்கிறது பீம் போற வழி."

அந்த மனுஷன் இலையை ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். நான் பார்த்தேன்.

அந்த டிபன் கடை என் தம்பியுடையது. இனி அவன் கதைக்கு வருகிறேன். என் கோபத்துக்கு மூலகாரணம் அங்கேதான் இருக்கிறது.

அப்பா போன பிறகு வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். என் பாதியில் சாயப்பட்டறை. பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுகிறேன். அவன் பாதியில் டிபன் கடை. இரண்டு பிழைப்புக்கும் தண்ணீர்தான் உயிர். போர்வெல் ஒன்று, மோட்டார் ஒன்று, அப்போது தொட்டியும் ஒன்று. ஒரு நாள் அவன் கடையில் இட்லி ரோஜா நிறத்தில் வெந்தது. சாயம் கலக்கிய வாளியை யாரோ தொட்டிக்குள் விட்டு மொண்டிருக்கிறார்கள். அந்த யாரோ நான் இல்லை. சாப்பிட வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனார்கள். நான் வேண்டுமென்றே செய்ததாகத் தம்பி தெரு முழுக்கச் சொன்னான். அன்றோடு பேச்சு நின்றது. அவன் தனித் தொட்டி கட்டிக்கொண்டான்.

மோட்டாரைப் பிரிக்க முடியவில்லை. அதற்கு மாடிப்படி விளக்குக்குச் செய்வது போன்ற வயரிங். கீழே போட்டதை மேலே அணைக்கலாம். நான் போட்டதை அவன் அணைக்கலாம், அவன் போட்டதை நான் அணைக்கலாம். பேச்சு இருந்தவரைக்கும் அது வசதி. பேச்சு நின்றதும் ஆயுதமாகிவிட்டது. ஓடினால் இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தே மாறி மாறி அணைத்தோம். மோட்டார் விக்கல் எடுத்தது போல ஓடியது.

வேறு வழியில்லாமல் லேசரைக் கூப்பிட்டேன்.

"நல்லாக் கேட்டுக்க. நான் போட்டாலும் ஓடணும், அவன் போட்டாலும் ஓடணும். ஒருத்தன் போட்டத இன்னொருத்தன் அணைக்கக் கூடாது."

அவன் முகம் மலர்ந்துபோனது. "செம லெவல்ணா இது."

பகல் முழுக்க என் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடந்தான். இரண்டு வீட்டிலும் டீ குடித்தான். சாயங்காலம் ஏணியைக் கட்டும்போது, "முடிஞ்சிது. இனிமே உங்களுக்குள்ள சண்டையே வராதுணா," என்றான்.

மறுநாள் காலை, கல்யாணச் சேலைக்கான அரக்கு நூலைச் சாயத்திலிருந்து தூக்கி வைத்திருந்தேன். உடனே அலசாவிட்டால் திட்டுத் திட்டாகிவிடும். என்னை நம்பிப் பட்டைக் கொடுத்த நெசவாளியின் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது? தொட்டியைப் பார்த்தால் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. சுவிட்சைப் போட்டேன். மோட்டார் அசையவில்லை. அணைத்துப் போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமும் டக், டக் என்று சத்தம் கேட்டது. அவன் கடையிலும் கூட்டம் நின்றது, கழுவாத தட்டு மலையாகக் கிடந்தது.

லேசருக்குப் போன் போட்டேன்.

"மோட்டார் ஓடல."

"சுவிட்சப் போட்டீங்களாணா?"

"போட்டேன்."

"தம்பி போட்டாரா?"

"அவன் ஏன்டா போடணும்?"

"ரெண்டு பக்கமும் வந்தாதானேணா பெட்டி விடும்."

"ஒருத்தன் போட்டாப் போதும்னு தானே உங்கிட்ட சொன்னேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்படியா சொன்னீங்க?" என்றான். "நான் இங்க கூரம் கிராமத்துல ஒரு வீட்டு மேல ஏறி நிக்கறேன். வந்து மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டுக்குங்க."

நூல் காய்ந்துகொண்டிருந்தது. சுவர் அருகே போய் நின்றேன்.

"டேய்."

சுவரைத் தட்டினேன்.

"டேய், சுவிட்சப் போட்டு வுடு."

"யாரு பேசறது?"

"சுவரு பேசுது. போடுடா."

"போட்டா தண்ணி இன்னா கலர்ல வரும்?"

ரோஜா நிற இட்லியைத்தான் குத்திக் காட்டினான். ஆனாலும் சொன்னேன். "நூலு வீணாப் போவுதுடா."

அவனும் சாயக்காரன் மகன்தான். அடுத்த நொடி அந்தப் பக்கம் டக்கென்றது. நான் என் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் விக்கல் இல்லாமல் ஓடியது. அரக்கு ஒரு திட்டு இல்லாமல் வந்தது.

லேசர் மாற்றித் தர வரவில்லை. கேட்டால், முக்கியமான லெவலில் இருக்கிறேன் என்பான். தினமும் காலையில் சுவரோடு கத்த வேண்டியதாயிற்று. "போட்டியா?" "போட்டேன்." முதலில் இவ்வளவுதான். பிறகு ஒரு நாள், "போட்டேன். இன்னாத்துக்கு இப்படி இருமிக்கினு இருக்க?" என்றான் தம்பி.

"சாயப் புகை."

"ரசம் கொதிக்குது. சொம்பு எடுத்துக்கினு வா."

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொம்போடு போனேன். ரசத்தோடு இரண்டு இட்லியும் வைத்தான். "வெள்ளையா இருக்குதான்னு பாத்துக்க," என்றான்.

பிறகு லேசர் தெருவுக்கே வருவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்கிறார்கள். பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஒரு அம்மா எடுத்துத் திட்டுகிறார்.

இப்போது எனக்கும் தம்பிக்கும் வேறு சண்டை. லேசர் தவறுதலாகத்தான் அப்படி வயரிங் செய்தான் என்கிறான் தம்பி. "அந்தாளுக்கு அவ்ளோ யோசனை ஏதுணா? வாத்தியார் வீட்டு பெல்ல நெனச்சுப் பாரு." நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போனில் சத்தமில்லாமல் இருந்தானே, அது யோசிக்கிறவனின் சத்தம். தினமும் மோட்டார் ஓடி முடிகிறவரைக்கும் இதே சண்டைதான். தொட்டி நிரம்பி வழிந்தாலும் நாங்கள் நிறுத்துவதில்லை.

ஆகவே லேசர், நீ எந்த ஏணி மேல் இருந்தாலும் இறங்கி வா. தெரியாமல் செய்தாயா, தெரிந்தே செய்தாயா? எனக்குத் தனியாகச் சொல்லாதே, தம்பி நம்ப மாட்டான். இதே பத்திரிகையில், ஊர் படிக்கிற மாதிரி பதில் சொல். நீ சொல்கிறவரைக்கும் அந்த சுவிட்சுப் பெட்டியில் வேறு ஒரு எலெக்ட்ரீஷியனையும் கைவைக்க விடமாட்டோம். இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு.